அம்மா இருக்கும் அரசு முதியோர் இல்லம் கைமாறப் போகிறது, என்ன கேட்க வேண்டும்?

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மா 6 வருடமாக அரசு நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கட்டடம் பழசு, செலவு கட்டுப்படியாகவில்லை, அதனால் தனியாரிடம் கொடுக்கலாம் அல்லது மூடிவிடலாம் என்கிறார்கள். அடுத்த வாரம் குடும்பத்தினருக்குக் கூட்டம்.

அம்மாவுக்கு மறதி நோய். எங்கள் பெயர்களே போய்விட்டன. ஆனால் சுவரோரக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நடந்து, மூன்றாவது கதவு வந்ததும் தானாகக் கழிவறைக்குத் திரும்பிவிடுவார். மாத்திரை என்றால் வாயை இறுக்கிக்கொள்வார். இரவுப் பணியில் இருக்கும் அக்கா தலையைக் கோதிவிட்டால்தான் விழுங்குவார். இதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. இடமோ ஆட்களோ மாறினால் என்ன ஆவாரோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

தனியார் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் 2011-இல் பிரிட்டனில் முதியோர் இல்லங்களை நடத்திவந்த சதர்ன் கிராஸ் என்ற தனியார் நிறுவனம் நொடித்துப்போனது நினைவுக்கு வருகிறது. 700-க்கும் மேற்பட்ட இல்லங்கள், சுமார் 31,000 முதியவர்கள். கட்டடங்களை விற்றுவிட்டு வாடகைக்கு எடுத்து நடத்தியவர்கள், அந்த வாடகையையே கட்ட முடியாமல் போனார்கள். இங்கே அப்படி நடந்தால் யார் பொறுப்பு?

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். இப்போதுள்ள ஊழியர்களை அதே சம்பளத்தில் தொடர வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைக்க முடிந்ததா? கட்டண உயர்வுக்கு வரம்பு? அப்புறம், மாற்றியே ஆக வேண்டுமென்றால் மறதி உள்ளவரை எப்படித் தயார்படுத்தினீர்கள்? கூட்டத்துக்கு முன் பதில் கிடைத்தால் பெரிய உதவி.