சட்டமிட்ட படங்கள்: கண் மட்டத்திலா, கை எட்டாத உயரத்திலா?

வெண்சுவர்:
புது வீட்டுக்கு வந்தாச்சு. பெரிய ஓவியம் ரெண்டு, அப்புறம் பழைய குடும்பப் புகைப்படங்கள் கொஞ்சம், எல்லாம் சட்டம் போட்டுத் தயாரா இருக்கு. வீட்டுல இப்ப ரெண்டு கட்சி. கதவு நிலைக்கு மேல வரிசையா மாட்டணும்னு ஒரு கட்சி. கண்ணுக்கு நேரா இருக்கணும்னு நான். சுவர்ல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி உங்க கருத்து வேணும்.

மட்டக்கோல்:
கண்ணுக்கு நேராகத்தான். கலைக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் (145–152 செ.மீ.) வரும்படி மாட்டுவது வழக்கம். நிற்கும் ஆளின் பார்வை இயல்பாக விழும் இடம் அது. படத்தின் நடுவைச் சொல்கிறேன், ஆணியை அல்ல. பலரும் 57 அங்குலத்தில் ஆணியை அடித்துவிடுகிறார்கள், படம் இடுப்பளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 அங்குல உயரப் படம் என்று வையுங்கள். பின்னாலுள்ள கம்பியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது. அப்போது 57 + 12 − 3, அதாவது 66 அங்குலத்தில் கொக்கி.

கற்சுவர்:
கலைக்கூடத்துக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? அங்க வெறும் தரை, எல்லாரும் நின்னு பார்க்குறாங்க. வீட்டுல சோபா இருக்கு, அலமாரி இருக்கு, சுவிட்ச் பலகை இருக்கு, பந்து எறியுற பிள்ளைங்க இருக்காங்க. கண்ணாடி போட்ட சட்டம் தோள் உயரத்துல இருந்தா யாராவது இடிச்சுக்குவாங்க. மேல மாட்டினா பத்திரம், சுவரும் கீழே காலியா இருக்கும். பாரிஸ் லூவர் அரண்மனையில 1725 முதல் நடந்த ‘சலோன்’ங்கிற ஓவியக் கண்காட்சிகள்ல தரையிலிருந்து கூரை வரைக்கும் படம் அடுக்கித்தான் வச்சிருந்தாங்க. உயரத்துல மாட்டுறது ஒண்ணும் ரசனை கெட்ட வேலை இல்ல.

மட்டக்கோல்:
இடம் போதாமல் அடுக்கினார்கள் நண்பரே, உயரம் பிடித்து அல்ல. மேலே போன படத்தின் ஓவியருக்கு அது பெரிய மனக்குறை. லண்டன் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சியில் பெரிய உருவப்படங்களை சுமார் 8 அடி உயரத்தில் ஓடிய ஒரு கோட்டோடு ஒட்டி மாட்டுவது அன்றைய விதி. அரச குமாரிகள் மூவரை வரைந்த தன் படம் அந்த உயரத்தில் இருந்தால் நுணுக்கம் தெரியாது, தாழ்த்தி மாட்டுங்கள் என்று ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1784இல் கேட்டார். மறுத்தார்கள். அனுப்பியிருந்த படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு அங்கே காட்சிக்கு வைக்கவே இல்லை. வரைந்தவனே வேண்டாம் என்ற உயரத்தில் நாம் ஏன் மாட்ட வேண்டும்?

கற்சுவர்:
நம்ம வீட்டுப் படத்தை வரைஞ்சவர் வந்து சண்டை போடப் போறதில்ல. இருக்கிறவங்க பத்திரமா நடமாடணும், எனக்கு அதுதான் முதல்.

தச்சுப்பட்டறை:
பாதுகாப்புன்னு பேசினா உயரம் ரெண்டாவது, பிடிமானம்தான் முதல். எட்டடி உயரத்துல பூச்சுல மட்டும் ஆணி நின்னா, விழும்போது இன்னும் வேகமாத்தான் விழும். பூச்சு எடை தாங்காது. அதைத் தாண்டி செங்கல்லோ கான்கிரீட்டோ பிடிக்கணும். கனமான படத்துக்குச் சுத்தியலை மறந்துட்டு, டிரில்லால துளை போட்டு, திருகாணியைப் பிடிக்கிற பிளக்கை அதுல செருகி, திருகாணி முடுக்குங்க. சுவிட்சுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் துளைக்கவே கூடாது, உள்ள மின்குழாய் ஓடும்.

கம்பி விஷயம் யாரும் சொல்லல, அதனால சொல்றேன். கம்பியை விறைப்பா, கிட்டத்தட்ட படுக்கையா கட்டினா அழகா இருக்கும்னு பலர் நினைக்கிறாங்க. கம்பி கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்ஞ்சிருந்தா ஒவ்வொரு பக்கமும் இழுவிசை படத்தோட முழு எடை அளவு வரும். 10 பாகைக்குத் தட்டையாச்சுன்னா ஏறக்குறைய மூணு மடங்கு. அறுந்து விழுற படங்கள்ல இது ஒரு பெரிய காரணம். பெரிய சட்டத்துக்குக் கம்பியே வேண்டாம், ரெண்டு கொக்கியில மாட்டுங்க. ரசமட்டம் வச்சு ஒரு தடவை சரி பண்ணினா கோணாது.

வாடகைவாசி:
எங்களுக்கு டிரில் எடுக்கவே அனுமதி இல்லை. ஒட்டுப்பட்டைதான் கதி. சுவரைத் துடைத்து, நன்றாக அழுத்தி ஒட்டினால் நிற்கிறது. ஏன் எல்லோரும் துளை போடுவதிலேயே நிற்கிறீர்கள்?

தச்சுப்பட்டறை:
சின்னப் படத்துக்குச் சரி. ஆனா ஒட்டுப்பட்டை சுவரைப் பிடிக்கிறதில்ல, பெயின்ட்டைத்தான் பிடிக்குது. பெயின்ட் உரிஞ்சா படம் அதோட வந்துடும். சொரசொரப்பான சுவர், ஈரம் ஏறுற சுவர், இப்பத்தான் வண்ணம் அடிச்ச சுவர், மூணுலயும் வேண்டாம். கண்ணாடிக்குப் பதிலா அக்ரிலிக் போடுங்க, எடை பாதிக்கும் குறைவு, விழுந்தாலும் சில்லு சில்லா உடையாது. கற்சுவர் சொன்ன பிள்ளைகள் பயத்துக்கும் அதுதான் பதில்.

நிழற்பெட்டி:
உயரத்துக்காக இவ்வளவு பேசுகிறோம். ஆனால் எனக்கு இந்தத் திரியில் கவலை தரும் சொல் ஒன்றுதான்: பழைய குடும்பப் புகைப்படங்கள். அவை எதிர்ச்சுவரில் ஜன்னலைப் பார்த்தபடி தொங்கினால், எந்த உயரமானாலும் வெளுத்துவிடும். ஒளியால் வரும் சேதம் சிறுகச் சிறுகச் சேரும், திரும்பாது. தாளில் உள்ளவற்றுக்கு, குறிப்பாக நீர்வண்ண ஓவியங்களுக்கு, அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே ஒளி விடுகின்றன. ஜன்னலோரப் பகல் வெளிச்சம் அதைப்போல எத்தனையோ மடங்கு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்னும்.

இன்னொன்று, படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. ஈரக்காற்றில் புகைப்படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். இடையில், படத்தின் ஓரங்களைச் சுற்றி, அமிலமற்ற அட்டைச் சட்டம் வையுங்கள். வெளிச்சுவராக இருந்தால் சட்டத்தின் பின் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டி, காற்று போக இடம் விடுங்கள். இல்லையென்றால் பின்னால் பூஞ்சை பிடிப்பது முன்னால் தெரியவே தெரியாது.

கற்சுவர்:
இதை ஏத்துக்கிறேன். ஆனா வெயில் படாத, ஓதம் இல்லாத, நடமாட்டம் இல்லாத சுவர்னு தேடினா எந்த வீட்டுலயும் படம் மாட்ட இடமே கிடைக்காது.

நிழற்பெட்டி:
கிடைக்காதுதான். அதனால் மூலப்படத்தை மாட்டாதீர்கள் என்கிறேன். நன்றாக ஸ்கேன் செய்து, பிரதியைச் சட்டம் போடுங்கள். மூலத்தை அமிலமற்ற உறையில், இருட்டில் வையுங்கள்.

வெண்சுவர்:
மூலத்தை எடுத்து வைக்கச் சொல்றது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. தாத்தா கை வச்சுப் பார்த்த தாள் அது. பிரதியில அந்த உணர்வு வராதே?

நிழற்பெட்டி:
புரிகிறது. ஆனால் வெளுத்த முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவது அதைவிடக் கஷ்டம். வேண்டும்போது உறையிலிருந்து எடுத்துப் பாருங்கள், அந்தச் சில நிமிட ஒளி பெரிதாக ஒன்றும் செய்யாது.

கற்சுவர்:
பிரதிதான்னா உடையுற பயமும் கொஞ்சம் குறையுது. அப்பவும் சோபாவுக்கு மேல கண் மட்டத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். சாயுறப்ப தலை படும்.

மட்டக்கோல்:
சோபாவுக்கு மேலே அந்தக் கணக்கை நானும் வற்புறுத்த மாட்டேன். சாய்மானத்தின் மேல் விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் விட்டு மாட்டுங்கள். தலை படும் என்றால் இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றுங்கள். அதற்காகக் கதவு நிலைக்கு மேலே கொண்டுபோக வேண்டாம். முகங்களைப் பார்க்கத்தானே மாட்டுகிறோம்.

வெண்சுவர்:
பெரிய ஓவியம் ரெண்டும் சோபா சுவருக்கு, ரெண்டு கொக்கி, அக்ரிலிக். புகைப்படப் பிரதிகளை ஜன்னல் இல்லாத நடைவழியில கண்ணுக்கு நேரா வைக்கலாம்னு இருக்கோம். முதல்ல சட்டத்தோட அளவுக்குத் தாள் வெட்டிச் சுவர்ல ஒட்டிப் பார்க்கிறேன். நடைவழி குறுகல், தோள் உரசுமான்னு அதுலயே தெரிஞ்சுடும்.

கற்சுவர்:
உரசினா மேல ஏத்துங்க.