ஆறு முகம் போதாதபோது: விந்தை வடிவப் பகடை செய்த அனுபவங்கள்

கடைசல்:

மூன்று விடைகள் மட்டுமே தரும் பகடை ஒன்று வேண்டும் என்று என் மகள் கேட்டாள். அவள் உருவாக்கிவந்த ஆட்டத்தில் ஒவ்வொரு சந்திப்பிலும் மூன்று வழிகள் பிரியும். ஆறுமுகப் பகடையில் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை எழுதிக்கொள்ளலாமே என்றேன். “மூன்று வழி என்றால் கையில் இருப்பதும் மூன்றாகத்தான் இருக்க வேண்டும், அப்பா” என்றாள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. தடித்த நாணயம் போன்ற ஓர் உருளையைச் செய்வது என்று முடிவெடுத்தோம். தட்டையான இரண்டு பக்கங்கள், நிமிர்ந்து நிற்க ஒரு விளிம்பு.

எவ்வளவு தடிமன் வைப்பது என்பதுதான் கேள்வி. உருளையை ஒரு கோளத்துக்குள் கச்சிதமாக அடைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கோளத்தை இணையான தளங்களால் வெட்டினால், ஒவ்வொரு பட்டையின் பரப்பும் அதன் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆர்க்கிமிடீஸ் காலத்துக் கணக்கு இது. உருளையின் இரு பக்கங்களுக்கும் வெளியே இரண்டு மூடிகள், விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் என்று கோளம் மூன்று பட்டைகளாகப் பிரியும். மூன்றும் சமமாக வர, தடிமன் உருளையின் விட்டத்தில் 0.354 பங்கு இருக்க வேண்டும். 20 மி.மீ. விட்டத்துக்கு 7.07 மி.மீ. பித்தளைத் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, வெர்னியரை வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டினேன்.

மர மேசையில் இருவரும் மாறி மாறி 600 முறை உருட்டினோம். விளிம்பு சுமார் 200 முறை நிற்க வேண்டும். அதில் பாதிகூட வரவில்லை. அளவில் பிழையோ என்று திரும்பத் திரும்ப அளந்தேன், பிழை இல்லை. பிறகு அதே பகடையை மணல் பரப்பிய தட்டில் போட்டோம். விளிம்பு மளமளவென்று வரத் தொடங்கியது!

காரணம் பிறகுதான் விளங்கியது. கோளக் கணக்கு, விழுந்த இடத்திலேயே அடங்கிவிடும் பகடைக்குப் பொருந்தும். மேசையில் அது துள்ளுகிறது. தட்டையாகக் கிடக்கும்போது ஈர்ப்பு மையம் 3.5 மி.மீ. உயரத்திலும், விளிம்பில் நிற்கும்போது 10 மி.மீ. உயரத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு துள்ளலிலும் ஆற்றல் குறையக் குறைய, தாழ்ந்த நிலையை நோக்கிச் சரிவதே அதற்கு எளிது. 9, 11, 13 என்று தடிமனைக் கூட்டிக்கொண்டே போனேன். எங்கள் மேசைக்கு 15 மி.மீ. ஒத்துவந்தது. கணக்கு சொன்னதைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

நிகழ்தகவு:

கடைசல் ஐயா, உங்கள் மணல் தட்டுச் சோதனையைப் படித்து எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து விடைகள் தரும் பகடைக்காக நான் அலைந்த அலைச்சலும் இதே கதைதான். முக்கோணப் பட்டகத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு முக்கோணங்கள், மூன்று செவ்வகங்கள், மொத்தம் ஐந்து முகங்கள். நீளத்தைக் கூட்டினால் முக்கோணம் வருவதில்லை, குறைத்தால் செவ்வகம் வருவதில்லை. நடுவில் ஒரு நீளத்தைப் பிடித்து, 500 முறை உருட்டி, கை-வர்க்கச் சோதனை போட்டுப் பார்த்தேன். முகங்கள் வந்த எண்ணிக்கை சமத்திலிருந்து விலகியது தற்செயல்தானா என்று சொல்லும் கணக்கு அது. ஐந்து முகத்துக்கு 5 விழுக்காட்டு எல்லை 9.49, அதாவது நியாயமான பகடை அதைத் தாண்ட வாய்ப்பு 5 விழுக்காடுதான். துணி விரித்த மேசையில் அதற்குள் வந்தது. துணியை எடுத்துவிட்டுக் கண்ணாடி மேல் உருட்டினேன், எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

1989-இல் கணிதவியலாளர்கள் டயகோனிஸ், கெல்லர் இருவரும் பகடையின் நியாயம் பற்றி எழுதிய கட்டுரைதான் என்னை நிதானத்துக்குக் கொண்டுவந்தது. எந்த முகத்தையும் வேறெந்த முகம் இருக்கும் இடத்துக்கும் திருப்பியோ கண்ணாடிப் பிம்பம்போல் பிரதிபலித்தோ கொண்டுவரலாம், அப்படிச் செய்தாலும் வடிவம் மாறாது என்றால், மேசையால் ஒரு முகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறியவே முடியாது. துணியோ கண்ணாடியோ மணலோ, எதுவானாலும் சரி. நான்முகி, அறுமுகி, எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி ஐந்தும் இந்த வகை. பட்டம் போன்ற முகங்கள் கொண்ட பத்துமுகப் பகடையும் இதே இனம். 2016-இல் வந்த 120 முகப் பகடையும் அப்படியே. அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பதே தனி இன்பம். இதற்கு மாறாக, பகடை வடிவமைப்பாளர் லூ சோக்கி 1985-இல் கொண்டுவந்த 100 முகப் பகடை ஏறத்தாழ ஓர் உருண்டை. அதன் முகங்களுக்கு இந்தச் சமச்சீர் கிடையாது. ஓயாமல் உருண்டோடுவதைத் தடுக்க உள்ளே தளர்வான எடைகளை வைத்திருந்தார்கள்.

இந்த இனத்தில் எல்லாமே இரட்டைப்படை. ஐந்துக்கும் ஏழுக்கும் இடமில்லை. ஆகவே பத்துமுகப் பகடையில் 1 முதல் 5 வரை இரண்டு முறை எழுதிக்கொண்டேன். உங்கள் மகள் ஏற்கமாட்டாள் என்று தெரியும். ஆனால் பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்துக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வார்ப்பு:

வடிவம் சரியாக இருந்தாலும் வார்ப்பு கெடுத்துவிடும் என்பதை நான் சொல்லியாக வேண்டும். இருபதுமுகப் பகடைகளைச் சிலிக்கான் அச்சில் ரெசின் ஊற்றிச் செய்கிறேன். காற்றுக்குமிழிகள் மேலேறி மூடிப் பக்கத்து முகத்துக்கு அடியில் கூடும். அந்தப் பக்கம் எடை குறைகிறது. ஊற்றும் வாய் இருந்த முகத்தை உப்புத்தாளில் தேய்க்கும்போது கை கொஞ்சம் கூடுதலாகப் போனால், அந்த முகம் மையத்துக்கு நெருங்கிவிடும். நெருங்கிய முகம் அடியில் படிய விரும்பும்.

ஒரு நண்பருக்குக் கொடுத்த பகடையில் 3 அடிக்கடி வருகிறது என்றார். வாங்கிவந்து, வெந்நீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போய், பகடை மிதக்கும் நிலையில் சுண்டிவிட்டேன். மிதக்கும்போது எடை குறைந்த பக்கம்தான் மேலே வரும். மூன்றே முகங்கள்தான் மாறி மாறி மேலே வந்தன, மூன்றும் ஒட்டியிருப்பவை. மனம் நொந்துவிட்டது. அன்றிலிருந்து, குமிழிகளை நசுக்கிச் சிறிதாக்கும் அழுத்தக் கலத்தில் வைக்காமல் எதையும் உறையவிடுவதில்லை.

எண்களை எங்கே பொறிப்பது என்பதையும் அப்போதுதான் ஆழ்ந்து யோசித்தேன். எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 21, பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எண். இப்படிக் கலந்து வைத்தால், ஒரு பக்கம் சற்றே கோணலாகிப்போனாலும் சராசரி பெரிதாக நகராது. 20, 19, 18 என்று வரிசையாகப் பொறித்த பகடைகள் எண்ணிக்கை காட்ட நல்லவை. உருட்ட ஆகாது.

கழங்கு:

நீங்கள் எல்லோரும் சமத்தைத் தேடுகிறீர்கள். நான் சமமில்லாததைத் தேடிப் போனவள். ஆட்டின் கணுக்கால் எலும்பைப் பண்டைய கிரேக்கரும் ரோமரும் பகடையாக உருட்டினார்கள். நிற்கக்கூடிய பக்கங்கள் நான்கு. அகன்ற இரண்டும் 3, 4 என்றும், குறுகிய இரண்டும் 1, 6 என்றும் கொள்ளப்பட்டன. அகன்றது ஒவ்வொன்றும் பத்துக்கு நான்கு முறை அளவில் வரும், குறுகியது பத்துக்கு ஒரு முறை. அந்த வடிவத்தைக் களிமண்ணில் பிடித்துச் சுட்டு, அதற்கென்றே ஓர் ஆட்டம் அமைத்தேன். 3, 4 வந்தால் காய் நகரும். 1 வந்தால் எதிராளியின் காய் வெட்டுப்படும். 6 வந்தால் சிறைப்பட்ட காய் விடுதலை. அந்த 6 வரும்போது ஆடுகிறவர்கள் எழுப்பும் கூச்சலை எந்த ஆறுமுகப் பகடையிலும் நான் கேட்டதில்லை. அரிதானது அரிதாகவே வந்தது, அதுவும் வடிவத்திலிருந்தே வந்தது.

ஒரே சிக்கல், சூளையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கும். ஆகவே ஒவ்வோர் ஆட்டப்பெட்டிக்கும் ஒரே பகடைதான். இரண்டு பேரும் அதையே உருட்ட வேண்டும்.

கடைசல்:

‘ஒரே பகடை’ என்ற யோசனையை மகளிடம் படித்துக் காட்டினேன். உடனே காகிதத்தை எடுத்து, ஆட்ட விதிகளின் முதல் வரியை மாற்றி எழுதிவிட்டாள்: “இந்தப் பெட்டியிலுள்ள பகடையை, இந்தப் பெட்டியிலுள்ள பலகையில் மட்டும் உருட்டவும்.” பெட்டியின் மூடியையே பலகையாக்கப் போகிறேன். அது வேறு மரம் என்பதால் 15 மி.மீ. பொருந்துமா என்று நாளை முதல் மறுபடி உருட்ட வேண்டும். கடைந்தெடுக்க இன்னும் ஓரடி பித்தளை மிச்சமிருக்கிறது.