கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆலையும் டெல்லியின் காற்றும்: நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

மயூர் விகாரிலிருந்து:

காற்று மாசுக் கணிப்பில், அதாவது ஓர் ஆலையின் புகை எங்கே எவ்வளவு பரவும் என்று கணினியில் கணக்கிடுவதில், பன்னிரண்டு ஆண்டுகளாக டெல்லியில் வேலை செய்கிறேன். அனல் மின் நிலையம் ஒன்றின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் ஆலைக்காகச் சென்ற குளிர்காலத்தில் ஒரு கணிப்பைச் செய்தேன். அதில் நான் செய்த பிழைகள் இத்துறையில் இருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இத்தகைய ஆலையில் புகை ஓர் உயரமான கோபுரத்துக்குள் கீழிருந்து ஏறும். மேலிருந்து இறங்கும் அமீன் (அமோனியாவை ஒத்த நைட்ரஜன் சேர்மம்) கரைசல் அதிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கரைசலை இன்னொரு கோபுரத்தில் ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடாக்கி, வாயுவைப் பிரித்துவிட்டு, மீண்டும் பயன்படுத்துவார்கள். புதுக் கரைசல் தண்ணீரைப்போலத் தெளிவாக இருக்கும். சில மாதங்கள் ஓடிய கரைசலை ஒரு குப்பியில் எனக்குக் காட்டினார்கள். அது முதல் டிகாஷனைப்போலக் கறுத்திருந்தது. அமீன் அப்படிச் சிதையும்போது அமோனியா உண்டாகிறது. அதுவும் ஆவியாகும் அமீனும் சிறிதளவு புகைபோக்கி வழியே வெளியேறுகின்றன.

முதல் சுற்றில் அமீனைக் காற்றில் மாறாத பொருளாகவே எடுத்துக்கொண்டேன். அது பெரும் பிழை. பகலில் வெயிலால் காற்றில் உண்டாகும் ஹைட்ராக்சில் என்ற வினைமிகுந்த துணுக்கு, அமீனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துவிடுகிறது. அவ்வாறு எஞ்சியது நைட்ரிக் ஆக்சைடுடன் சேர்ந்தால் நைட்ரோசமீனாகவும், நைட்ரஜன் டை ஆக்சைடுடன் சேர்ந்தால் நைட்ரமீனாகவும் மாறுகிறது. நைட்ரோசமீன்களில் பல புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அதனால்தான் நார்வேயின் பொதுச் சுகாதார நிறுவனம் 2011-இல் இவ்விரு வகைக்கும் சேர்த்து, ஒரு கனமீட்டர் காற்றில் 0.3 நானோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் பிஎம் 2.5 நுண்துகளுக்கான ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். அதில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவைப் பற்றிப் பேசுகிறோம். 2009-இல் வெளியான நம் தேசியக் காற்றுத் தரப் பட்டியலிலுள்ள 12 மாசுகளில் அமோனியா உண்டு, நைட்ரோசமீன் இல்லை. எனவே இதைக் கணக்கிடாமல் விட்டாலும் அறிக்கையை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பதுதான் எனக்கு அச்சமூட்டியது.

அடுத்தது வெப்பநிலை. பழைய புகைபோக்கிக்குரிய 130 டிகிரியை உள்ளீட்டுக் கோப்பில் அப்படியே விட்டுவிட்டேன். உறிஞ்சு கோபுரத்தைக் கடந்த புகை நாற்பது, ஐம்பது டிகிரியில்தான் வெளியேறும். சூடு குறைந்தால் புகை உயரே எழாது. கோபுரத்தில் பிடிபடாத நைட்ரஜன் ஆக்சைடுகளும் முன்னைவிடத் தாழ்வாகப் பரவும். எண்ணை 45 ஆக மாற்றி ஓட்டியபோது, தரைமட்டத்தில் மாசு உச்சமாகும் இடம் ஆலையின் மதில் சுவரை நோக்கி நகர்ந்துவிட்டது.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. புகை பரவலைக் கணக்கிட நாங்கள் முதலில் பயன்படுத்திய ஏர்மாட் என்ற கணினி நிரலி, காற்று அசையாத மணிநேரங்களுக்குக் கணக்கிடுவதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் டெல்லியில் காற்று எத்தனை மணிநேரம் செத்துக்கிடக்கும் என்பது இங்கே குடியிருக்கும் எவருக்கும் தெரியும். மக்கள் மிக மோசமான காற்றைச் சுவாசிக்கும் மணிநேரங்கள்தான் சராசரியில் சேராமல் போயிருந்தன.

ஆர்.கே. புரத்திலிருந்து:

மயூர் விகார் நண்பருக்கு வணக்கம். நான் ஆய்வகத்தில் நைட்ரோசமீன் அளப்பவள். நைட்ரோசமீன் வெயிலில் சில நிமிடங்களிலேயே உடையத் தொடங்கும். நைட்ரமீன் அப்படி உடையாமல் நெடுநேரம் நிற்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தும் ஒருமுறை கோட்டைவிட்டேன். களத்தில் காற்றை இழுத்துச் சேகரித்த சிறு குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றித்தான் அனுப்ப வேண்டும். அன்று இரண்டு குழாய்களின் தாள் கிழிந்திருந்ததைக் கவனிக்காமல், காரின் பின் கண்ணாடியோரம் வைத்து நண்பகலில் கொண்டுவந்தோம். மற்றவற்றில் தெரிந்த நைட்ரோசமீன் அந்த இரண்டிலும் ஏறக்குறைய இல்லை. பகலில் உடைவது மட்டுமல்லாமல், மாலையில் வெயில் இறங்கியபின் எஞ்சியிருப்பது அப்படியே தங்கிவிடுவதையும் கணிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நம் ஊரின் பனிமூட்ட நாட்களில் வெயிலே இருப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தகைய ஆலைகளில் பயன்படும் மோனோஎத்தனாலமீன் முதல்நிலை அமீன் (நைட்ரஜனுடன் ஒரே ஒரு கார்பன் இணைந்தது) என்பதால் அதன் நைட்ரோசமீன் நிலைத்திருப்பதில்லை. பிப்பரசீன், டைஎத்தனாலமீன் போன்ற இரண்டாம்நிலை அமீன்கள் (நைட்ரஜனுடன் இரண்டு கார்பன் இணைந்தவை) தருவதுதான் நிலைக்கும். ஆகவே கரைசலில் என்னென்ன இருக்கின்றன என்று தெரியாமல் கணிப்பு இல்லை. அந்தப் பட்டியலைத்தான் வணிக இரகசியம் என்று சொல்லி மூடி வைக்கிறார்கள். புகைபோக்கிக்குக் கீழே வாழ்பவர்களிடமிருந்து மறைக்கும் ஒன்றை இரகசியம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கரோல் பாகிலிருந்து:

நான் தூத்துக்குடிக்காரன், மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கும் வேலை எங்கள் ஊரில் 2016-லேயே தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு 60,000 டன் என்று அப்போது அறிவித்தார்கள். ஆகவே இது நாளைய கேள்வி அன்று. கந்தக டை ஆக்சைடை முதலில் நீக்காவிட்டால் அது அமீனுடன் சேர்ந்து, சூடாக்கினாலும் பிரியாத உப்பாகிவிடும். கந்தக அமிலத்தின் மிக நுண்ணிய திவலைகள் புகையில் இருந்தாலோ, அமீன் அவற்றில் ஏறிக்கொண்டு, அமீனைப் பிடிக்கக் கோபுரத்தின் மேலேயுள்ள நீர்க்கழுவலையும் தாண்டிப் போய்விடும். தம்பி, உங்கள் உள்ளீட்டில் அமீன் வெளியேற்றம் எந்த எண்? கரைசல் விற்பவர் கொடுத்ததா, அளந்ததா?

மயூர் விகாரிலிருந்து:

விற்பவர் கொடுத்ததுதான், ஐயா. சுத்தமான புகைக்கான எண். நீங்கள் கேட்டபிறகு, கந்தகம் நீக்கும் கருவி பழுதாகும் நாட்களுக்கென்று தனி ஓட்டம் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். காற்றில் அமீன் மாறுவதையும் கணக்கிடும் ஏடிஎம்எஸ் என்ற இன்னொரு நிரலிக்கு மாறிவிட்டோம். ஊர்க் காற்றில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு ஆண்டுச் சராசரியை விட்டுவிட்டு, ஆனந்த் விகார் காற்றுக் கண்காணிப்பு நிலையத்தின் மணிநேர அளவுகளையே கொடுக்கிறோம். கரைசலின் பட்டியல் கேட்டு இரண்டு கடிதங்கள் எழுதியும் பதில் இல்லை. அது வரும்வரை அமீன் முழுவதையும் இரண்டாம்நிலை என்றே வைத்து ஓட்டுகிறேன். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதன் காரணத்தையும் எழுதிவிட்டேன்.