கடலோர ஊர்ப் பேய்க்கதை: மகளைவிட எனக்குத்தான் பயம்

கேள்வி: மலேசியாவில் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஊர் எங்களுடையது. நாலாம் ஆண்டு படிக்கும் மகளுக்குத் தாமஸ் டெய்லரின் ‘மலமாண்டர்’ நாவலை இரவில் தமிழில் சொல்லி வருகிறேன். (1997இல் முதல் ஹாரி பாட்டருக்கு அட்டைப்படம் வரைந்தவர் இவர்தான்.) கதாநாயகன் எலுமிச்சைப் பெட்டியில் கரை ஒதுங்கியவன், அதனால் பெயரே லெமன். அதிலிருந்து முனீஸ்வரர் கோயில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாலே இவளுக்குச் சிரிப்பு. ஆனால் குளிர்காலக் கடல்மூடுபனி வரும் இடத்தில் கொட்டாவி விடுகிறாள். விளக்கைப் போட்டது நான்! மோரிப் கடற்கரை வெயிலை மட்டுமே பார்த்தவளுக்கு அதை எப்படிச் சொல்வது?

பதில்: அக்கா, குளிரை விடுங்கள். புகைமூட்டத்துக்குப் பள்ளி மூடினார்களே, எதிர்வரிசைச் செம்பனைகூடத் தெரியாமல், அதைச் சொல்லுங்கள்.

பதில்: மோரிப்புக்கே தண்ணீர் வற்றும் நேரத்தில் கூட்டிப்போங்கள். அவ்வளவு தூரம் வெறும் சேறு, நடுவே நண்டு வளைகள். கதையிலும் கடல் வற்றினால்தானே உடைந்த கப்பல் தெரியும்?

கேட்டவர்: தம்பி, புகைமூட்டம் எடுபட்டுவிட்டது. சரி, இப்போது விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறாள்.