ஸ்காலர் ஒரு எண், ஸ்கோபஸ் ஒரு எண்: எதை எழுதுவது?

கேள்வி: ஆட்டோஃபேஜி (செல் தன் பாகங்களையே சிதைத்து மறுபயன்படுத்தும் முறை) ஆய்வாளர் ஒருவருக்கு கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடல் தளத்தில் எச்-இன்டெக்ஸ் 31 (அதாவது 31 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 31 மேற்கோள்), ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் 24. விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

பதில் 1: ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (மதிப்பாய்வுக்கு முன் வெளியிடும் கட்டுரை) எல்லாவற்றையும் எண்ணும், அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரையும் நுழைந்துவிடும். ஆர்கிட் (ORCID, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) பட்டியலோடு ஒப்பிட்டு, உங்களுடையது அல்லாததை நீக்குங்க. ஸ்கோபஸில் சுயமேற்கோளை (தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது) கழித்தும் பார்க்கலாம். எந்த எண்ணானாலும் தளமும் தேதியும் கூடவே எழுதணும்.

பதில் 2: இந்தத் துறையில் இன்னொரு பொறி இருக்கு. 2016-இல் வந்த ஆட்டோஃபேஜி வழிகாட்டுநெறிக் கட்டுரைக்கு 2,000-க்கு மேல் ஆசிரியர்கள். மொத்த மேற்கோளை அது ஒன்றே ஊதிவிடும், எச்-இன்டெக்ஸில் கூடுவதோ அதிகபட்சம் 1. மொத்தத்தைத் தனியாகக் காட்டுங்க.

பதில் 3: பெயர் நிற்கும் இடமும் முக்கியம். செல் உயிரியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது. ஆட்டோஃபேஜி ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற யோஷினோரி ஓசுமியின் 1992 ஈஸ்ட் கட்டுரையில் அவர் பெயர் கடைசிதான்.