அகதியாகப் போன சித்தப்பா ஃபராஜை ஆதரிக்கிறார்: என்ன பதில் எழுதுவது?

கேள்வி: தருமபுரம் ரீச்சர்

கிளிநொச்சி மாவட்டம் தருமபுரத்தில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டை என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

சித்தப்பா 1986இல் லண்டன் போனார். அகதிக் கோரிக்கை வைத்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து, இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறார். பிரித்தானியக் குடியுரிமையும் உண்டு. 2009இல் நாங்கள் போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து வெளியே வந்தபோது முதலில் பணம் அனுப்பியவர் அவர்தான். அந்தப் பணத்தில்தான் கூரை போட்டோம். அவரை எடுத்தெறிந்து பேச எனக்கு வாய் வராது.

என் தம்பி 2023இல் பராமரிப்புப் பணியாளர் விசாவில் போனான். முகவருக்குக் கொடுக்க அம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின, வயலை ஈடு வைத்தோம். அங்கே முதியோர் இல்லமொன்றில் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டுகிறான்.

2025 செப்டெம்பரில், பிரித்தானியாவில் குடிவரவை எதிர்க்கும் ரிஃபோர்ம் கட்சியின் தலைவர் நைஜல் ஃபராஜ், தாம் ஆட்சிக்கு வந்தால் நிரந்தர வதிவிட உரிமையையே ஒழிப்போம் என்றார். ஏற்கெனவே அதைப் பெற்றவர்களும் கூடிய சம்பள நிபந்தனையுடன் புதிய விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். சித்தப்பா அந்த வீடியோவைக் குழுவில் போட்டு, “சரியாகத்தான் சொல்கிறார். நாங்கள் முறையாக வந்தோம், உழைத்தோம். இப்போது வருகிறவர்கள் உதவிப் பணத்துக்காக வருகிறார்கள்” என்று எழுதினார். தம்பி ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிட்டான்.

சித்தப்பா போன காலத்தில் அங்கே என்ன நடந்தது? அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. தம்பியின் நிலை என்ன ஆகும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில்: ஹரோ பழையவர்

தங்கச்சி, நானும் உங்கள் சித்தப்பாவின் காலத்து ஆள்தான். ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1985 வரை இலங்கையர் பிரித்தானியாவுக்கு விசா இல்லாமல் வரலாம். ’83 கலவரத்துக்குப் பிறகு தமிழர்கள் வரத் தொடங்கியதும், 1985 மே மாதம் எங்களுக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. கொழும்பில் தூதரகத்துக்குப் போய் “உயிர் தப்பி ஓட விசா தாருங்கள்” என்று கேட்டால் யார் தருவார்கள்? அதன் பிறகு எங்களில் பெரும்பாலானோர் முகவரின் கையில் இருந்த கடவுச்சீட்டில்தான் வந்தோம். முறையான வழியை எங்களுக்கென்றே அடைத்துவிட்டு, முறை தவறி வந்தவர்கள் என்று எங்களையே ஏசினார்கள்.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் விமான ஓடுதளத்தில் உடைகளைக் களைந்து உள்ளாடையுடன் நின்று போராடினார்கள். குளிர் எலும்பைத் துளைக்கும் மாதம் அது. அதே ஆண்டில் சட்டம் வந்தது. உரிய ஆவணம் இல்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண் அபராதம் கட்ட வேண்டும். ஹார்விச் துறைமுகத்தில் ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பழைய பயணிகள் கப்பலில் அகதிகளை அடைத்து வைத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஒக்டோபரில் பெரும்புயல் அடித்துக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போன பிறகுதான் அவர்களை விடுவித்தார்கள். 1988இல் ஐந்து தமிழர்களைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மேன்முறையீட்டில் வென்று 1989இல் மீண்டும் இங்கே வந்தார்கள்.

இன்று அகதிகள் தங்கவைக்கப்பட்டுள்ள விடுதிகளுக்கு முன்னால் நின்று கத்தும் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது எனக்கு அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்க முடியாது. அதை வெளியே சொல்ல அவருக்கு இன்னும் கூச்சமாக இருக்கலாம். எனக்கும் நெடுங்காலம் இருந்தது.

பதில்: கொவென்ட்ரிக் கடைக்காரர்

ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறீர்கள். 2023 ஜூன் வரையான ஓராண்டில் இந்த நாட்டின் நிகரக் குடிவரவு, அதாவது வந்தவர்களில் இருந்து வெளியேறியவர்களைக் கழித்த எண்ணிக்கை, 9 இலட்சத்தைத் தாண்டியது. 2024இல் சிறு படகுகளில் வந்தவர்கள் மட்டும் 36,816 பேர். என் மகள் இங்கே பிறந்தவள், நல்ல வேலையில் இருக்கிறாள், ஆனால் வாடகையைக் கட்டியே அவள் சம்பளம் கரைகிறது. எனக்கு வைத்தியரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாடு தன் எல்லையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பவனை இனவாதி என்று சொல்லாதீர்கள். பெரிய கட்சிகள் இதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் எங்களைப் போன்றவர்கள் ஃபராஜின் பக்கம் திரும்பியிருக்க மாட்டோம்.

பதில்: தருமபுரம் ரீச்சர்

கொவென்ட்ரி ஐயா, உங்களை இனவாதி என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேர் வரலாம் என்பதை அந்த நாட்டு மக்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் 2025 ஜூன் வரையான ஆண்டில் அதே நிகரக் குடிவரவு ஏறத்தாழ 2 இலட்சமாக இறங்கிவிட்டதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

என் தம்பி படகில் போகவில்லை. முதியோர் இல்லங்களில் வேலைக்கு ஆள் இல்லாமல், 2022 பெப்ரவரியில் அந்த நாட்டு அரசாங்கமே பராமரிப்புப் பணிக்கு விசா வழியைத் திறந்தது. ஐந்து வருடம் வேலை செய், பிறகு நிரந்தர வதிவிட உரிமை கேட்கலாம் என்றார்கள். அதை நம்பித்தான் எங்கள் வயல் ஈட்டில் கிடக்கிறது. இனி ஆட்கள் வேண்டாம் என்றால் நாளை வருகிறவனிடம் சொல்லுங்கள். உங்கள் தாயின் வயதுள்ளவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவனிடம், பாதி வழியில் கணக்கை மாற்றிச் சொல்வது அநியாயம். உதவிப் பணம் என்கிறார் சித்தப்பா. தம்பியின் விசாவில் அரசாங்க உதவிப் பணம் எதுவும் எடுக்க முடியாது என்றுதான் எழுதியிருக்கிறது. எனக்குக் கோபம் இந்த இடத்தில்தான்.

பதில்: பாரதிபுரத்தான்

ரீச்சர், உங்கள் கோபம் நியாயமானது. நானும் கிளிநொச்சியில் இருந்துதான் எழுதுகிறேன், இங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது.

என் தாத்தா மஸ்கெலியாவில் கொழுந்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான அவரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு போட்டார்கள். 1977 வன்முறைக்குப் பிறகு எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியது. தமிழர் மண் என்று நம்பித்தான் வந்தோம். வந்த இடத்தில் “வந்தான் வரத்தான்” என்றார்கள். காணி அனுமதிப்பத்திரம் கேட்டு அப்பா அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். சம்பந்தம் பேச வந்தவர்கள் பூர்வீகம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களும் குடியேறிகள்தான். 1995 இடப்பெயர்வில் இலட்சக்கணக்கானோர் வந்தபோது எங்கள் வளவிலும் கொட்டில் போட்டுக்கொண்டார்கள், நாங்கள் யாரிடமும் பூர்வீகம் கேட்கவில்லை. ஃபராஜைத் திட்டும்போது இதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பதில்: தருமபுரம் ரீச்சர்

சொல்லிக் கொடுப்பேன், தம்பி. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் உங்களைப் போன்ற குடும்பங்களில் இருந்து வருகிறார்கள். பாடநூலில் நீங்கள் சொன்ன சட்டமும் ஒப்பந்தமும் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. அந்தப் பாடத்துக்கு இனி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லப் போகிறேன்.

சித்தப்பாவிடம் ஹீத்ரோவைப் பற்றியும் அந்தக் கப்பலைப் பற்றியும் நேரடியாகக் கேட்கப் போகிறேன், குழுவில் அல்ல, தொலைபேசியில். தம்பியின் விசா விடயம் யாராவது சொல்வீர்களா?

பதில்: வவுனியா மொழிபெயர்ப்பாளர்

ரிஃபோர்ம் இன்று ஆட்சியில் இல்லை. 2024 ஜூலைத் தேர்தலில் அதற்கு 14 சதவீத வாக்கும் 5 ஆசனங்களும் கிடைத்தன. அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடக்க வேண்டும். ஆனால் உங்கள் தம்பி முதலில் கவனிக்க வேண்டியது தொழிற்கட்சி அரசாங்கத்தை. ஃபராஜுக்கு வாக்குகள் போய்விடும் என்ற பயத்தில் அவர்களும் அதே பாதையில் நடக்கிறார்கள் என்பது என் கருத்து. 2025 மே மாதம் ஐந்து வருடக் காத்திருப்பைப் பத்தாக்கப் போவதாக அறிவித்தார்கள். நவம்பரில், பராமரிப்புப் பணியாளர் போன்றோருக்குப் பதினைந்து வருடம் என்ற யோசனையை முன்வைத்தார்கள், அதை ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கும் பொருத்தும் எண்ணத்துடன்.

2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டில் இருந்து பராமரிப்புப் பணியாளர்களைப் புதிதாக எடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போதும் இந்த விசாவை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் பொய் சொல்கிறார், ஊரில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். உள்ளே இருப்பவர்கள் வேறு இல்லத்துக்கு மாறுவதற்கு 2028 ஜூலை வரை இடமுண்டு. வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கத் தற்போதைய இல்லத்துக்கு உள்ள அனுமதி பறிக்கப்பட்டால் பொதுவாக 60 நாட்களுக்குள் புதிய வேலைகொடுப்பவரைத் தேட வேண்டும். சம்பளச் சீட்டுகள், வரிக் கடிதங்கள், வேலை ஒப்பந்தம் அனைத்தையும் படமெடுத்து உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். சட்ட ஆலோசனைக்கு அங்கே பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் மட்டும் போகட்டும், முகவரிடம் வேண்டாம்.