கலைச்சொல் தேவை: பழைய கணினியைப் ‘புதுப்பிக்காமல்’ மீட்பதற்கு

இலண்டன், ஞாயிறு இரவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வியாழக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். வருகிற சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரைக் கேம்பிரிட்ஜுக்குக் கூட்டிப் போகிறோம். கணினி வரலாற்றுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1980களின் வீட்டுக் கணினிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைக்காமல், உட்கார்ந்து தட்டிப் பார்க்க விடுவார்கள். பிள்ளைகள் கையில் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு கைநூல் எழுதினேன். ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பழைய கணினியை வாங்கி, திறந்து, பழுது பார்த்து, துடைத்து, அது இருந்த நிலைக்கே கொண்டுவருவதை இங்கே ஆர்வலர்கள் ‘ரெஸ்டோர்’ செய்வது என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன எழுதுவது?

‘புதுப்பித்தல்’ என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

என்னிடம் பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கணினி ஒன்று இருக்கிறது. 1981 டிசம்பரில் வெளிவந்த வகை. 32 கிலோபைட் நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 செயலி, விசைப்பலகையின் உச்சியில் பத்துச் சிவப்பு விசைகள். வாங்கி வந்த அன்று மின்சாரம் கொடுக்கவில்லை. மின்வழங்கியைத்தான் (பவர் சப்ளை) முதலில் திறந்தேன். மின்சாரம் நுழைகிற இடத்தில், தேன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும் உறை போட்ட கொள்ளளவி (மின்னைத் தேக்கி வைக்கும் உறுப்பு) ஒன்று. பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் உறை முழுக்க மயிரிழை வெடிப்புகள். நாற்பது வருடத்தில் அந்த வெடிப்பு வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே இருக்கிற காகிதத்தில் ஏறியிருக்கும். அப்படியே சுவிட்சைப் போட்டால் ஒரு நாள் டப்பென்று வெடித்து, வீடெல்லாம் புகை நாறும். இரண்டையும் கழற்றி, அதே மதிப்புள்ள வேறு இரண்டைப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் அந்த இரண்டு ஒலிகள்: முதலில் தாழ்ந்து நீண்டது, அடுத்து உயர்ந்து குறுகியது. திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’.

மாற்றியது அந்த இரண்டு கொள்ளளவிகளை மட்டும்தான். மிச்சமெல்லாம் பழசு, பழசாகவே இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு பாடும். ‘புது’ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே வரக்கூடாது என்று படுகிறது. உதவுங்கள்.

சென்னை, திங்கள் காலை

அக்கா, ‘புது’ வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் ‘மீட்டமை’ பக்கமும் போய்விடாதீர்கள். மென்பொருள் மொழிபெயர்ப்பில் அதை ‘ரீசெட்’டுக்குக் கொடுத்துவிட்டோம். ‘மீட்டமைத்த கணினி’ என்று படிக்கிற பிள்ளை, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள் என்றே நினைக்கும். நீங்கள் செய்தது அதற்கு நேர் எதிரான வேலை. ‘மீட்டெடு’ என்பதும், தொலைந்த கோப்பைத் திரும்பப் பெறுவது என்ற பொருளில் மென்பொருளின் பட்டியில் (மெனுவில்) உட்கார்ந்திருக்கிறது.

என் முன்மொழிவு: பழமீட்பு. செய்பவர் பழமீட்பர். சின்னச் சொல், நாக்கிலும் எளிதாக வருகிறது.

மதுரை, திங்கள் மாலை

தங்கைக்கும் தம்பிக்கும் வணக்கம்.

‘புதுப்பித்தல்’ பொருந்தாது என்பதை ஏற்கிறேன். அதற்காகப் ‘புதுக்கு’ என்ற நல்ல வினையையும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம். கோயிலைப் பழுது பார்ப்பதற்கென்று விட்ட நிலத்துக்குக் கல்வெட்டு வழக்கில் ‘புதுக்குப்புறம்’ என்று பெயர். அந்த வருவாய் கோயிலை இடித்துவிட்டு வேறொன்று கட்டுவதற்காக விட்டதில்லை. ஒழுகுகிற இடத்தை அடைக்கவும் சரிந்த கல்லை நிமிர்த்தவும் விட்டது. தங்கை மின்வழங்கியில் செய்த வேலைதான் அது. இன்று ஓட்டுநர் உரிமத்தையும் சந்தாவையும் ‘புதுப்பித்து’ப் புதுப்பித்து, சொல்லின் காதில் வேறு பொருள் ஏறிவிட்டது. ‘புதுப்பி’ கெட்டுப்போனதற்குப் ‘புதுக்கு’ என்ன செய்யும்?

அது வேண்டாம் என்றால் ‘செப்பனிடல்’ இருக்கிறது. செப்பமும் செம்பும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். ‘செம்’ என்பதற்குச் சிவப்பு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். செங்கல் சிவந்த கல், செங்கோல் வளையாத கோல். சிவந்த உலோகம் செம்பு, வளையாத நிலை செப்பம். கணினிப் பலகையில் கோடு கோடாக ஓடுவதெல்லாம் செப்புத் தடங்கள்தானே? செப்புத் தடத்தைச் செப்பம் செய்வது செப்பனிடல். சொல்லும் பொருளும் இப்படி ஒட்டி வருவது அரிது. பற்றவைக்கும் உலோகத்துக்கும் பொற்கொல்லர் மொழியில் ‘பற்றாசு’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. கைநூலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவை, திங்கள் இரவு

எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐயா சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் செப்பனிட்டுத் தரச் சொல்லிக் கேட்டதில்லை. ‘ரெடி பண்ணித் தாங்க’ என்பார்கள். கொள்ளளவி, மின்தேக்கி எல்லாவற்றுக்கும் கடையில் ஒரே பேர், கண்டன்சர். இலண்டன் பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாவது மொழி. ‘ரெஸ்டோர் செய்த கணினி’ என்று தமிழெழுத்தில் போட்டுவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

பிபிசி மைக்ரோ என்றதும் ஒன்று எழுதத் தோன்றுகிறது. 1984இல் இந்திய அரசு பள்ளிகளில் கணினியை அறிமுகம் செய்யக் ‘கிளாஸ்’ திட்டத்தைத் தொடங்கியபோது வந்தது இதே இயந்திரம்தான். எங்கள் பள்ளிக்கும் வந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஒரு கணினிக்கு நாலு பேர். என் முறை வந்து அந்தச் சிவப்பு விசையை அழுத்தியது இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. அக்கா எழுதிய இரண்டு ஒலியைப் படித்ததும் காதில் கேட்டது.

கண்டி, செவ்வாய் காலை

பௌதிகம் படிப்பிக்கிறேன். அக்கா ‘கொள்ளளவி’ என்று எழுதியதைக் கண்டதே சந்தோஷம். இலங்கைப் பாடநூலில் அதுதான் சொல். தமிழ்நாட்டின் ‘மின்தேக்கி’யையும் நான் குறை சொல்லமாட்டேன். ஒன்று எவ்வளவு கொள்ளும் என்பதிலிருந்து வந்தது, மற்றது என்ன செய்யும் என்பதிலிருந்து வந்தது. கைநூலில் ஒருமுறையாவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

‘பழமீட்பு’ சரிவராது. இன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதி, என்ன விளங்குது என்று கேட்டேன். முன்வரிசையில் மூன்று பேர் மாம்பழம் என்றார்கள். ‘பழ’ என்று தொடங்கினாலே காதில் பழம்தான் விழுகிறது. வெறும் ‘மீட்டல்’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன் பாடத்தைத் திரும்பப் படிப்பது. ‘மீட்பு’ தனியாக நின்றால் வெள்ளத்தில் படகு வருகிறது. முன்னால் ஓர் அடைமொழி வேண்டும், அது ‘பழ’வாக இருக்கக்கூடாது. தொல் + மீட்பு. மகரம் வர லகரம் னகரமாகித் தொன்மீட்பு. எப்படி?

தஞ்சாவூர், செவ்வாய் மதியம்

எங்கள் வீட்டில் வீணை வேலை. கணினி எனக்குத் தெரியாது, ஆனால் அக்கா எழுதியது எங்கள் வேலை மாதிரியே இருந்தது.

வீணையில், தந்திக்குக் கீழே குறுக்காக, 24 மெட்டுகள். அவை கரி சேர்த்த மெழுகின் மேல் நிற்கின்றன. வருடங்கள் போக மெழுகு தளர்ந்து மெட்டு அசையும், சுரம் விலகும். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது மெழுகு வைத்து, ஒவ்வொரு மெட்டையும் தந்தியை மீட்டிக் காதால் கேட்டு அதன் இடத்தில் நிறுத்துவோம். மெழுகு ஆறுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். பலாமரக் குடத்தில் கை வைக்கமாட்டோம். நூறு வயசுக் குடம் நூறு வயசாகவே இருக்கும். இதற்கு ‘மேளம் கட்டுதல்’ என்று பேர். வேலை முடிந்த வீணையைப் ‘புதுப்பித்த வீணை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மேளம் கட்டி வந்தது’ என்போம்.

அக்காவின் இரண்டு கொள்ளளவியும் எங்கள் மெழுகு. அதனால் பொதுப்பேர் எதற்கு என்று கேட்கிறேன். ‘கொள்ளளவி மாற்றிய கணினி’ என்று செய்த வேலையை அப்படியே எழுதினால் பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்த்த மாதிரி இருக்காதா?

மதுரை, செவ்வாய் மாலை

தஞ்சை நண்பர் ‘மீட்டி’ என்ற சொல்லைப் போகிற போக்கில் போட்டுவிட்டார். எனக்கு மதியத் தூக்கம் போயிற்று.

மீள் தன்வினை, மீட்டு அதன் பிறவினை எச்சம். வீணையை மீட்டுவது தனி வினையென்று பலர் கொள்வர். எனக்கு அப்படிப் படவில்லை. தந்தியை விரலால் இழுத்து விடுகிறோம், அது தன் நிலைக்கு மீள்கிறது, மீளும்போதுதான் ஒலிக்கிறது. மீள வைப்பதே மீட்டுதல். இதற்கு அகராதிச் சான்று கேட்காதீர்கள், தந்தியிடம் கேளுங்கள். அப்படியானால் வாய் மூடிக் கிடந்த கணினியை ஒலிக்கச் செய்வதும் மீட்டுதல்தான். ‘மீட்பு’ வேரை நான் எதிர்க்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நான் எதிர்ப்பது ‘தொன்’ என்ற தலையை. நாற்பது ஆண்டு தொன்மையா? தொல்காப்பியத்துக்கு முன்னால் நிற்கிற ‘தொல்’லைப் போன தலைமுறைப் பெட்டிக்கு மாட்டலாமா?

திருவாரூர், செவ்வாய் இரவு

அப்பர் கையில் இருந்தது உழவாரம். புல்லையும் முள்ளையும் செதுக்கினார், கோயிலில் ஒரு கல்லைக்கூடக் கூட்டவில்லை. மேலே படிந்ததை எடுத்து உள்ளதைக் காட்டுகிற வேலைக்கு இதைவிட நல்ல சொல் இருக்கிறதா? கணினி உழவாரம் என்றே எழுதலாம்.

இலண்டன், செவ்வாய் நள்ளிரவு

உழவாரம் மனசைத் தொட்டது. இருந்தாலும் எங்கள் பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கதை தெரியாத பிள்ளைக்கு அந்தச் சொல் திறக்காது.

அதோடு, மேலே படிந்ததை எடுப்பதா விடுவதா என்பதே இங்கே பெரிய சண்டை. பிபிசி மைக்ரோவின் உறை பாலேட்டு நிறம். வருடங்கள் ஆக ஆக மஞ்சளாகிவிடும். வெயிலின் புறஊதாக் கதிர் ஒரு காரணம். தீப்பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் சேர்மங்களையும் காரணமாகச் சொல்வார்கள். முடியை வெளுக்கிற 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு களிம்பைப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும். களிம்பு காய்ந்த இடம் திட்டுத் திட்டாக நிற்கும். போன மஞ்சள் சில வருடத்தில் திரும்பியும் வரலாம். பலர் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. என் இயந்திரத்தின் வலது பக்கம் இடதைவிட மஞ்சள். யாரோ வீட்டில் ஜன்னல் பக்கம் இருந்திருக்கிறது. அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதை அழிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே ‘பழுது நீக்கம்’ வேறு, ‘மஞ்சள் எடுத்தல்’ வேறு, நான் தேடுவது வேறு. ஓடாததை ஓட வைத்து, மற்றதை இருந்தபடி விடுவது. ஐயா, ‘புதுக்கு’ பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். கல்வெட்டில் அதன் பொருள் நீங்கள் சொன்னதேதான். ஆனால் கல்வெட்டு படித்திராத பதினொரு வயதுப் பிள்ளை ‘புதுக்கிய கணினி’யைப் பார்த்தால் ‘புது’வைத்தான் முதலில் பிடிக்கும்.

சென்னை, புதன் காலை

மாம்பழத்தை நானே கவனித்திருக்க வேண்டும். ‘பழமீட்பு’வைத் திரும்பப் பெறுகிறேன், கண்டி நண்பருக்கு நன்றி. ‘தொன்மீட்பு’க்கு என் வாக்கு. ஐயாவின் கேள்விக்கு ஒரு சொல்: கணினிக்கு 1981 தொன்மைதான். ஆர்வலர்கள் பாதுகாக்கிற மென்பொருளுக்கும் இதே அடை உதவும்: தொல்கணினி, தொன்மென்பொருள்.

கோவை, புதன் மதியம்

சரி, தொன்மீட்பு என்றே போடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஒன்றும் வேண்டாம். அதன் கீழே தஞ்சாவூர்க்காரர் சொன்ன மாதிரி செய்த வேலையை இரண்டு வரியில் எழுதிவிட்டால் புரிந்துவிடும். கடையில் நான் ரெடி பண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

இலண்டன், புதன் இரவு

நாளை காலை அச்சுக்குப் போகிறது. ஐந்தாம் பக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:

“தொன்மீட்பு: இந்தக் கணினிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. வெடிக்க இருந்த இரண்டு கொள்ளளவிகளை (தமிழ்நாட்டில் மின்தேக்கி) மட்டும் மாற்றினோம். விசைகளும் பலகையும் உறையும் அன்று இருந்தவையே. சுவிட்சைப் போடுங்கள், இரண்டு ஒலிகளைக் கேளுங்கள்.”

கண்டி, சென்னை, கோவை மூவரும் தொன்மீட்பு. தஞ்சாவூர் பொதுச்சொல்லே வேண்டாம் என்கிறது, அவருடைய யோசனைதான் அடுத்த வரியாக நிற்கிறது. திருவாரூரிலிருந்து மறுமொழி வரவில்லை. பற்றாசு ஆறாம் பக்கத்தில் படத்தோடு இருக்கிறது, ஐயா.

மதுரை, வியாழன் காலை

அச்சுக்குப் போகட்டும். நாள் நெருக்கடி புரிகிறது, தங்கையின் ஐந்தாம் பக்கம் நன்றாகவும் வந்திருக்கிறது. ‘தொன்மீட்பு’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. குழுவின் சொற்பட்டியலில் அதை ஏற்றும்போது பக்கத்தில் ‘புதுக்கு’ நிற்க வேண்டும், என் மறுப்பையும் சேர்த்துப் பதிய வேண்டும். செப்புக்கும் செப்பத்துக்கும் உள்ள உறவைப் பற்றி யாரும் ஒரு வரி மறுமொழிகூட எழுதவில்லை. அதைத் தனி மடலாக விரிவாக எழுதுகிறேன்.

அப்புறம், பிள்ளைகள் அந்த இரண்டு ஒலிகளையும் கேட்டார்களா என்று ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள்.